‘அனைவரும்’ என்றால் நானூற்றுப் பன்னிரண்டு பேர்

‘அனைவரும்’ என்ற மெயில் குழுவிலிருந்து என் மனைவி சீனியம்மாளை நீக்கிவிட்டார்கள். நீக்கிய நிமிடத்திலிருந்து அவளுக்குக் குரல் இல்லை. வாய் அசையும். சத்தம் வராது. எனக்கு இது முப்பதாவது நாள் காலையில்தான் தெரிந்தது.

அதுவரை வீடு அமைதியாக இருந்தது. கல்யாணமாகி நாற்பத்தாறு வருடம். அப்படி ஓர் அமைதியை நான் பார்த்ததில்லை. கடைசியில் அவளுக்கு என் மேல் மரியாதை வந்துவிட்டது என்று நினைத்தேன்.

அன்று காலை அவள் தோசைக் கரண்டியால் என் முழங்கையில் அடித்தாள். அடி நன்றாக விழுந்தது. கரண்டி எந்தக் குழுவிலும் இல்லை. திரும்பிப் பார்த்தேன். அவள் வாய் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவு வேகமாக ஓடும் வாயிலிருந்து ஒன்றும் வராதது சந்தேகமாக இருந்தது.

அவள் ஒரு தாளை நீட்டினாள். நான் நாலாவது வரை படித்தவன். எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

‘நீக்கப்பட்டவர் முப்பது நாள் கூடையில் வைக்கப்படுவார். முப்பதாம் நாள் மாலை ஐந்து மணிக்குக் கூடை காலி செய்யப்படும். அதன் பின் அவரை மீட்க இயலாது. இது கணினி தயாரித்த தாள். கையெழுத்து தேவையில்லை.’

கையெழுத்துப் போடாதவன் சொல்வதை நான் நம்புவதில்லை. ஆனால் அவள் காலைப் பார்த்தேன். இரண்டு செருப்பும் இருந்தன. இடது செருப்பில் கால் இல்லை. செருப்பு தானாக நடந்தது.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே நிறுவனத்தில் வேலை பார்க்கிறோம். ஒன்பது மாடி. பின்னால் குவார்ட்டர்ஸ். அதில்தான் குடியிருக்கிறோம். நிறுவனம் என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு மாடியிலும் கேட்டிருக்கிறேன். அவர்கள் வேறு மாடியைக் கைகாட்டுவார்கள். சீனியம்மாள் கேண்டீனில் டீ போடுகிறாள். நான் மோட்டார் போடுகிறேன். தொட்டி நிரம்பியதும் வால்வைத் திறந்து ஒன்பது மாடிக்கும் தண்ணீர் விடுகிறேன்.

எனக்கு வயது எழுபத்தொன்று. பதின்மூன்று வருடத்துக்கு முன்பே எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்களாம். உத்தரவை ‘ஓய்வு பெறுவோர்’ என்ற குழுவுக்கு அனுப்பினார்களாம். நான் அந்தக் குழுவில் இல்லை. உத்தரவு எனக்கு வரவில்லை. அதனால் மோட்டார் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

குழு என்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. தொட்டியிலிருந்து ஒரு பெரிய குழாய் கிளம்பும். அதிலிருந்து நானூறு சின்னக் குழாய் பிரியும். மேலே ஒருவன் ஒரு சேதியை ஊற்றினால் நானூறு மேஜையிலும் சொட்டும். ஒருவனுக்குப் போகக் கூடாதென்றால் அவன் வால்வைத் திருகிவிட வேண்டும். அவ்வளவுதான். இதற்கு ஏழாவது மாடியில் ஒரு பிரிவு, பதினாறு நாற்காலி, ஏசி. தண்ணீருக்கு நான் ஒருவன்.

சீனியம்மாளை மோட்டார் ரூமுக்குக் கூட்டிப் போனேன். அங்கே எந்த சிக்னலும் வராது. அதனால் அங்கே அவர்கள் சட்டமும் வராது. உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் அவளுக்குக் குரல் வந்தது.

“வென்னி வைக்கவா வேணாமான்னு கேட்டா வாயத் தொறந்து சொல்லணும்,” என்றாள்.

“என்ன வென்னி? அஞ்சு மணிக்கு உன்னைய அழிக்கப் போறாங்களாம்.”

அவள் கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். எனக்குப் புரிந்தது. அது முதல் நாள் பேச்சு. முப்பது நாள் பேச்சும் தேங்கிக் கிடந்தது. வரிசைப்படிதான் வரும். குழாயில் அடைப்பை எடுத்தால் முதலில் பழைய தண்ணீர்தான் வரும்.

“முட்டைக்கோசு வேணாம்னு சொல்லியிருக்கேன், மூணு வாங்கிட்டு வந்து நிக்கிறியே, நீ மாடா நான் மாடா?” இது இரண்டாம் நாள்.

“ஏன்யா பதிலு சொல்ல மாட்டேங்கிற? காது அவிஞ்சு போச்சா?” இது ஆறாம் நாள்.

“ஒன் அக்கா வந்துட்டுப் போனா. ரெண்டு இட்லியக் கூடத் தின்னுட்டு எங்கிட்ட ஒரு வார்த்த பேசாமப் போறா. ஒங்க குடும்பமே அப்பிடித்தான்.” இது பதின்மூன்று.

பத்தொன்பதாம் நாளில் பேச்சு இல்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது. அதுவும் வரிசைப்படி வந்தது. முழுசாக வந்தது. நான் வால்வைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

முப்பதாம் நாள் பேச்சு வருவதற்குள் மணி பத்தரை ஆகிவிட்டது.

“ஏழாவது மாடி. குரூப் செக்‌ஷன்,” என்றாள். “என்னைய எதுக்கு எடுத்தாங்கன்னு கேளு. நான் எவன் டீயில மண்ணள்ளிப் போட்டேன்? கையக் கட்டிக்கிட்டு நிக்காத. சரிங்க சரிங்கன்னு தலைய ஆட்டிட்டு வந்துராத.”

“நான் எப்ப தலைய ஆட்டுனேன்?”

“என்னையப் பொண்ணு பாக்க வந்தப்பலேருந்து ஆட்டிக்கிட்டுத்தான இருக்க.”

நான் கிளம்பினேன். கதவைத் திறந்ததும் அவள் குரல் நின்றது. வாய் நிற்கவில்லை.

லிஃப்ட் எனக்கு நிற்பதில்லை. படியில் ஏறினேன். ஐந்தாவது மாடிக்கு மேல் மூன்றாவது மாடி வந்தது. மறுபடி ஏறினேன். நாலு, ஐந்து, அப்புறம் மூன்று. படியில் ஒருவர் டிபன் கேரியரோடு ஏறிக்கொண்டிருந்தார்.

“இது என்னங்க கூத்து?” என்றேன்.

“மூணாவது மாடி குரூப்பை அஞ்சாவது மாடி குரூப்புக்குள்ள சேர்த்துட்டாங்க. அப்புறம் மறந்துபோய் அஞ்சாவதை மூணாவதுக்குள்ள சேர்த்துட்டாங்க. சுத்திக்கிட்டே இருக்கும்.”

“எவ்வளவு நாளா ஏறுறீங்க?”

“வேலைக்குச் சேர்ந்த நாள்லருந்து. ரெண்டு பிரமோஷன் வழியிலயே வந்துருச்சு.”

குழாயைக் கொண்டுபோய் அதே தொட்டியில் சொருகினால் இப்படித்தான் ஆகும். இதற்கு வழி நடுவில் திரும்புவது. நான் நாலாவது மாடியிலிருந்து கீழே இறங்கினேன். ஏழாவது வந்தது. டிபன் கேரியர்க்காரரைக் கூப்பிட்டேன். அவர் வர மறுத்துவிட்டார். மூன்றாவது பிரமோஷன் வரும் நேரமாம்.

குழுக்கள் பிரிவில் தில்லைநாயகி என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். நான் தாளை நீட்டினேன். அவள் தாளைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. இந்தக் கட்டடத்தில் யாரும் என்னைப் பார்த்ததில்லை. ஏசியில் இருந்தால் கண் மங்கிவிடும் போல என்று நானும் விட்டுவிட்டேன்.

“என்ன வேணும்?” என்று தாளிடம் கேட்டாள்.

“இவளை எதுக்கும்மா எடுத்தீங்க?”

“போன மாசம் எட்டாவது மாடியிலருந்து ஒரு சார் அனைவருக்கும் மெயில் போட்டார். டீயில இஞ்சி கூடிப்போச்சுன்னு. அதுக்கு எல்லாரும் பதில் போட்டாங்க. அவருக்கு இல்லை, அனைவருக்கும். என்னை இந்தக் குரூப்புலருந்து எடுங்கன்னு.”

“எத்தனை பேரு?”

“நானூத்திப் பதினொண்ணு.”

“அப்ப அவங்களைத்தான எடுத்திருக்கணும்?”

“எப்படி எடுக்க முடியும்? எடுங்கன்னு எழுதுறவங்க குரூப்பை நல்லா பயன்படுத்துறவங்க. எழுதாதது ஒரே ஒருத்தர். பயன்படுத்தாத உறுப்பினர். விதிப்படி எடுத்தாச்சு.”

“அவ அந்த நானூறு பேருக்கும் டீ போட்டுக்கிட்டு இருந்தா.”

“அதை அவங்க மெயில்ல சொல்லலையே.”

“சரி. திருப்பிச் சேரு.”

“இடமில்லை. அனைவரும்னா நானூத்திப் பன்னிரண்டு பேர். அதுக்கு மேல போனா அது அனைவரும் இல்லை, கூட்டம்.”

“அவ எடம் காலியாத்தான இருக்கும்?”

“அதுல ரெண்டாவது மாடி ஜெராக்ஸ் மெஷினைச் சேர்த்துட்டோம். ரொம்ப சுறுசுறுப்பு. எந்த மெயில் வந்தாலும் அனைவருக்கும் பதில் போட்டுருது.”

“என்னான்னு?”

“பேப்பர் இல்லைன்னு.”

நான் கையைக் கட்டவில்லை. தலையை ஆட்டவில்லை. மேஜை மேல் கையை வைத்து அழுத்தினேன். மேஜை ஒரு சாண் கீழே இறங்கியது. அவள் அதையும் கவனிக்கவில்லை.

“யாரைத்தான் கேக்கணும்?”

“உரிமையாளரை. ஒவ்வொரு குரூப்புக்கும் ஒரு உரிமையாளர் உண்டு. அவர் நினைச்சா சேர்ப்பார், நினைச்சா எடுப்பார். இந்த நடைபாதைக் கடைசியில தேவசகாயம் சார் ரூம். நேரா போங்க.” இதை அவள் தாளிடம்தான் சொன்னாள். தாளை எடுத்துக்கொண்டு நான் போனேன்.

நடைபாதையில் கால் மணி நேரம் நடந்தேன். கடைசிக் கதவு அதே தூரத்தில் இருந்தது. நின்று கவனித்தேன். யாரோ ‘அனைவரும்’ குழுவுக்கு ஒரு சேதி போட்டிருந்தார்கள். படிக்கட்டில் கிடக்கும் நீலக் குடை யாருடையது என்று. ஒவ்வொருவரும் என்னுடையது அல்ல என்று அனைவருக்கும் பதில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பதிலுக்கு நடைபாதையில் ஒரு டைல்ஸ் கூடியது. குடைக்காரன் கிடைத்தான். நூறு பேர் மகிழ்ச்சி என்று எழுதினார்கள். நூறு டைல்ஸ். குடைக்காரன் நூறு பேருக்கும் தனித்தனியாக, ஆனால் அனைவருக்கும், நன்றி சொன்னான். இந்த ஆட்கள் இவ்வளவு அன்பாக இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. நேரில் பார்த்தால் சிரிக்கக்கூட மாட்டார்கள்.

அங்கேயே உட்கார்ந்தேன். வேலை பார்க்கிறவனை நிறுத்த முடியாது. ஆனால் எவனும் ஒரு மணிக்குச் சாப்பிடப் போவான்.

மணி ஒன்று அடித்தது. நானூறு நாற்காலி நகர்ந்தது. நடைபாதை நின்றது. நான் எழுந்து ஓடினேன். எழுபத்தொரு வயதில் ஓடியவனுக்குத்தான் அது எவ்வளவு நீளம் என்று தெரியும். ஜெராக்ஸ் மெஷின் சாப்பிடப் போகவில்லை. அது மட்டும் பேப்பர் இல்லை, பேப்பர் இல்லை என்று இரண்டிரண்டு டைல்ஸாக நீட்டிக்கொண்டிருந்தது. அதைவிட நான் வேகம். இரண்டு மணிக்குக் கதவைப் பிடித்துவிட்டேன்.

உள்ளே இரண்டு பேர் எதிரெதிராக உட்கார்ந்திருந்தார்கள்.

“நான் தற்போது விடுப்பில் இருக்கிறேன்,” என்றார் வழுக்கைத் தலைக்காரர். “அவசரமென்றால் கிருபாநிதியைத் தொடர்பு கொள்ளவும்.”

“தங்கள் செய்தி கிடைத்தது. நான் தற்போது விடுப்பில் இருக்கிறேன்,” என்றார் எதிரே இருந்த மீசைக்காரர். “அவசரமென்றால் தேவசகாயத்தைத் தொடர்பு கொள்ளவும்.”

“தங்கள் செய்தி கிடைத்தது. நான் தற்போது விடுப்பில் இருக்கிறேன்,” என்றார் வழுக்கை.

“ஐயா,” என்றேன். இருவரும் திரும்பவில்லை. நடுவில் மேஜையில் இரண்டு டம்ளர் டீ இருந்தது. டீயில் ஆடை கட்டி, ஆடை மேல் தூசி படிந்து, தூசி மேல் இன்னோர் ஆடை கட்டியிருந்தது. கையைத் தட்டினேன். கத்தினேன். மூன்று மணி ஆகும்வரை கத்தினேன். அவர்கள் மாறி மாறி விடுப்பில் இருந்தார்கள்.

இரண்டு மோட்டாரை எதிரெதிரே மாட்டினால் இப்படித்தான். தண்ணீர் எங்கேயும் போகாது. கரண்ட் மட்டும் போகும். ஒன்றை அடைக்க வேண்டும்.

தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சுருட்டினேன். மீசைக்காரர் தங்கள் செய்தி என்று வாயைத் திறந்ததும் உள்ளே வைத்து அடைத்தேன்.

அறை நிசப்தமானது. வழுக்கைத் தலைக்காரர் காத்திருந்தார். பதில் வரவில்லை. மெதுவாகத் தலையைத் தூக்கினார்.

“யார் நீங்க?” என்றார். சொந்தக் குரலில் பேசினார். துருப்பிடித்த குரல்.

“ஒச்சப்பன். மோட்டார் போடுறவன். நீங்கதான் தேவசகாயமா?”

“ஆமா. இப்ப என்ன வருஷம்?”

சொன்னேன். அவர் விரலை மடக்கினார்.

“எனக்கு ஓய்வு கொடுத்துப் பதினோரு வருஷம் ஆயிருச்சு,” என்றார். “உரிமையாளர் போகணும்னா இன்னொருத்தர் பேரைச் சொல்லிட்டுத்தான் போகணும். நான் கிருபாநிதி பேரைச் சொன்னேன். அவன் அன்னைக்கு லீவு. அவன் வர்றதுக்குள்ள எனக்கு லீவு. வீட்டுல சொல்லிட்டுக்கூட வரலை.”

“என் பொண்டாட்டிய குழுவுல சேக்கணும். அஞ்சு மணிக்குள்ள. ஒரு கையெழுத்துப் போடுங்க.”

“நான் போட்டா செல்லாது, பெரியவரே. நான் விடுப்புல இருக்கேன். உரிமையை வேணா நீங்க எடுத்துக்கங்க. நீங்களே போட்டுக்கலாம்.”

“ஏன் இவ்வளவு சுளுவா குடுக்குறீங்க?”

“பதினோரு வருஷத்துல வாங்குறதுக்கு ஒரு ஆளும் வரலையே.”

சும்மா கொடுப்பதில் ஏதோ இருக்கும். எனக்குத் தெரியும். ஆனால் மணி மூன்றேகால். வாங்கிக்கொண்டேன். உரிமை என்பது ஒரு ரப்பர் ஸ்டாம்ப். ஒரு பக்கம் ‘அனுமதி’. மறு பக்கம் ‘நிராகரிப்பு’.

தேவசகாயம் எழுந்தார். பதினோரு வருடம் உட்கார்ந்த நாற்காலியும் அவரோடு எழுந்தது. அதைப் பின்னால் ஒட்டவைத்துக்கொண்டே அவசரமாக வெளியே போனார். கிருபாநிதி வாயில் துண்டோடு அவர் போவதைப் பார்த்தார். துண்டை நான் எடுக்கவில்லை. புதுத் துண்டுதான். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

திரும்பி வரும்போது நடைபாதையில் சீட்டுகள் என்னை நோக்கிப் பறந்து வந்தன. இப்போது எல்லோருடைய பேச்சும் முதலில் என்னிடம் வர வேண்டும். தேவசகாயம் விடுப்பில் இருந்தவரை அது தானாகப் போய்க்கொண்டிருந்தது. இனி நான் ஸ்டாம்ப் வைத்தால்தான் மற்றவர்களுக்குப் போகும். முதல் சீட்டைப் பிடித்துப் படித்தேன். ‘நன்றிக்கு நன்றி.’ நிராகரிப்பு. ஒரு டைல்ஸ் மறைந்தது. ‘அருமை.’ நிராகரிப்பு. ‘மேலே உள்ளதை வழிமொழிகிறேன்.’ நிராகரிப்பு. குத்திக்கொண்டே நடந்தேன். படிக்க நேரமாகிறது என்று பிறகு படிக்காமலே குத்தினேன். வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. நடைபாதை சுருங்கிக்கொண்டே வந்தது. நாலு நாற்பதுக்குத் தில்லைநாயகி மேஜை வந்துவிட்டது.

அவள் எழுந்து நின்றாள். என்னைப் பார்த்தாள். கண் நன்றாகத்தான் இருந்தது.

“வணக்கம் ஐயா. உட்காருங்க ஐயா.”

“சீனியம்மாளைச் சேரு.”

“சேர்த்துரலாம் ஐயா. தேவசகாயம் சார் போனதால ஒரு இடம் காலி. ஆனா ஒண்ணு சொல்லணும். நீங்க எந்தக் குரூப்புலயும் இல்லை. தேடிப் பார்த்தேன். எப்பவும் இருந்ததில்லை.”

“அப்ப இவ்வளவு நாளா தண்ணி தொறந்து விட்டது யாரு?”

அவள் கணினியில் பார்த்தாள். “தண்ணீர் தானாக வருகிறதுன்னு பதிவு இருக்கு ஐயா.”

நாளைக்குத் திறக்காமல் இருந்து பார்க்கலாம் என்று நினைத்தேன். அப்போதும் வேறு ஏதாவது பதிவு செய்வார்கள்.

“அனைவரும்ங்கிற குரூப்புல இல்லாத ஆளு அதுக்கு உரிமையாளரா இருக்கலாமா?”

“இருக்கலாம் ஐயா. உரிமையாளர் உறுப்பினரா இருக்கணும்னு விதி இல்லை. ஆனா உரிமையாளர் தன் கையால சேர்த்த உறுப்பினர் பேசுறது அவருக்குக் கேக்காது. அவங்க பேச்சு உங்ககிட்ட சீட்டாத்தான் வரும். நீங்க படிச்சு ஸ்டாம்ப் வெச்சதும் அனைவருக்கும் கேக்கும். நீங்க அனைவருல இல்லை.”

“இதுக்கு முன்னாடியும் நான் இல்லையே. அவ பேசுறது கேட்டுச்சே.”

“முன்னாடி நீங்க யாருமில்லை ஐயா. யாருமில்லாதவங்களுக்கு எது வேணா கேக்கலாம். இப்ப நீங்க உரிமையாளர்.”

“நானும் சேந்துட்டா?”

“ஒரு இடம்தான் இருக்கு. நீங்க சேரலாம், இல்லை அவங்களைச் சேர்க்கலாம்.”

“ஜெராக்ஸ் மெஷினை எடு.”

“அது மேல்முறையீடு பண்ணும். தீர்ப்பு வர முப்பது நாள்.”

“நான் எப்ப இதுலருந்து விலகலாம்?”

“வேற ஒருத்தர் உரிமையாளராகச் சம்மதிச்சா உடனே விலகலாம். தேவசகாயம் சாருக்குப் பதினோரு வருஷத்துல நீங்க கிடைச்சீங்க.”

மணி நாலு ஐம்பத்திரண்டு. ஜன்னல் வழியே கீழே பார்த்தேன். கேண்டீன் வாசலில் ஒரு சேலை நின்றுகொண்டிருந்தது. சேலைக்கு மேலே அவள் முகம் பாதி இருந்தது. அந்தப் பாதியும் மேலே பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது.

“இருவத்தொம்பது நாளு அவ பேசுறது கேக்காமத்தான் இருந்தேன்,” என்றேன். “அவளையே சேரு.”

தில்லைநாயகி படிவத்தை வைத்தாள். நான் ‘அனுமதி’ பக்கத்தைத் திருப்பிக் குத்தினேன். நாலு ஐம்பத்தேழு.

மேஜை மேல் ஒரு சீட்டு வந்து விழுந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். ‘யோவ், கால் வந்திருச்சு.’

அனுமதித்தேன். ஏழாவது மாடி முழுக்கத் தலை நிமிர்ந்தது. பதினாறு பேரும் குனிந்து தங்கள் காலைப் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாளே மோட்டார் ரூமுக்கு ஒயர் இழுத்துவிட்டார்கள். உரிமையாளர் இருக்கும் இடத்தில் இணைப்பு இருக்க வேண்டுமாம். ஒரு மேஜை, ஒரு மை டப்பா, சுவரில் சீட்டு விழ ஓர் ஓட்டை. இப்போது அங்கேயும் அவள் குரல் வராது.

நான் காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவேன். பெரிய பெரிய ஆட்கள் எழுதுகிறார்கள். மிகுந்த மரியாதையுடன் என்று ஆரம்பிக்கிறார்கள். அந்த வார்த்தையைப் படித்து முடிக்கவே எனக்கு நேரமாகிறது. அதோடு நிராகரித்துவிடுவேன். ஒன்பதாவது மாடி அதிகாரி ஒருவர் நேரில் வந்தார்.

“என் சுற்றறிக்கையை ஏன் நிறுத்தினீங்க ஐயா?”

“என்ன எழுதியிருந்தீங்க?”

அவர் யோசித்தார். “ஞாபகம் இல்லை,” என்றார்.

“அதான்.”

சீனியம்மாள் எழுதினால், அதாவது பேசினால், எல்லாவற்றுக்கும் அனுமதி. ‘எட்டாவது மாடிக்காரரு டம்ளரை ஜன்னல்ல வெச்சிட்டுப் போறாரு, எடுத்து வைக்க நான் அவரு வீட்டு ஆளா?’ அனுமதி. அன்று சாயங்காலம் நானூறு டம்ளர் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டது. ‘மீட்டிங்குக்கு முப்பது டீன்னு சொல்லிட்டு நாலு பேரு உக்காந்திருக்காங்க, மத்த இருவத்தாறு பேரும் பேய்களா?’ அனுமதி. இருபத்தாறு பேர் எங்கிருந்தோ வந்து குடித்துவிட்டுப் போனார்கள். ‘இந்த ஆளுக்கு எவன்யா ஸ்டாம்ப குடுத்தது? வீட்டுல ஒரு விளக்கமாத்தக் குடுத்தா நேராப் பிடிக்கத் தெரியாது.’ அதை இரண்டு தடவை படித்தேன். அனுமதி. மறுநாள் எல்லோரும் எனக்கு வணக்கம் சொல்லும்போது சிரித்தார்கள்.

வீட்டிலும் அப்படித்தான். சாயங்காலம் அவள் எதிரில் உட்கார்ந்து பேசுவாள். நான் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பேன். காலையில் மோட்டார் ரூமில் சீட்டு கிடக்கும். நான் பதில் சொல்வதற்குள் அவளுக்கு வேறு கோபம் வந்திருக்கும். உரிமையை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று மூன்று பேரிடம் கேட்டேன். மூவரும் விடுப்பில் இருப்பதாகச் சொன்னார்கள்.

போன சனிக்கிழமை பகல் ஒரு மணிக்கு ஒரு சீட்டு விழுந்தது. கூட்டிப் படித்தேன். ‘சோறு ஆறுது. வாரியா இல்லையா?’

அது எனக்குத்தான். எனக்குத் தெரியும். ஆனால் சீட்டில் பெயர் இல்லை. பெறுநர் என்ற இடத்தில் ‘அனைவரும்’ என்று இருந்தது. அவள் பேசுவது எல்லாமே அப்படித்தான் வரும். நிராகரித்தால் அந்தப் பேச்சு இல்லாமல் போய்விடும். இருபத்தொன்பது நாள் பேச்சு இல்லாமல் போனதே போதும். அனுமதி வைத்தேன்.

தலைக்கு மேலே நானூறு நாற்காலி நகர்ந்தது. ஒன்பது மாடிப் படியிலும் செருப்புச் சத்தம் இறங்கியது. மோட்டாரை அணைத்துவிட்டு நானும் கிளம்பினேன்.

குவார்ட்டர்ஸுக்குள் வரிசை வளைந்து வளைந்து நின்றது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு தட்டு இருந்தது. நான் கடைசியில் நின்றேன். எனக்குப் பின்னால் சம்பந்தமில்லாத ஓர் ஆள் வந்து சேர்ந்துகொண்டார். மஞ்சள் பை வைத்திருந்தார்.

“இங்க என்னங்க குடுக்குறாங்க?” என்றார்.

“சோறு.”

“யாரு வீட்டுல?”

“என் வீட்டுல.”

“அப்ப ஏன் இங்க நிக்கிறீங்க?”

“எனக்கு முன்னால ஆளு இருக்காங்க.”

அவர் சரியென்று தலையை ஆட்டினார். வரிசை நகர்ந்தது. இரண்டு மணிக்கு எங்கள் வீட்டு ஜன்னல் தெரிந்தது. சீனியம்மாள் உள்ளே பரிமாறிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து வரிசையைப் பார்த்தாள். பார்வை ஒவ்வொருவராகத் தள்ளிக்கொண்டே வந்து என்னிடம் நின்றது. கையில் இருந்த சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். சின்னதாகத்தான் சொன்னாள். இரண்டு மூன்று வார்த்தை இருக்கும்.

வரிசையில் யாருக்கும் அது கேட்கவில்லை. இன்னும் ஸ்டாம்ப் வைக்கவில்லை. சீட்டு மோட்டார் ரூமில் விழுந்திருக்கும்.

“இந்த எடத்தப் பாத்துக்கங்க,” என்று மஞ்சள் பைக்காரரிடம் சொன்னேன். அதைப் படிக்கத் திரும்பி நடந்தேன்.